செல்வ மூலை எந்த மூலை?

ஃபெங் சுய் என்னும் சீன வாஸ்து படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ஆசிரியர் யாரும் இல்லை. இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று, நூலகத்தில் எடுத்தது ஒன்று, ஒரு நோட்டு, வீட்டின் வரைபடம், அவ்வளவுதான். இதுவரை கட்டிலை இரண்டு முறை நகர்த்தியாயிற்று.

முதல் தடுமாற்றம் வார்த்தையிலேயே. ஃபெங் என்றால் காற்று, சுய் என்றால் நீர், அது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான உயிர்ச்சக்தியின் பெயர் ‘ச்சீ’. “இந்த அறையில் ச்சீ நன்றாக இருக்கிறது” என்று வாய்விட்டுப் படித்தால் யாரையோ திட்டுவது போலவே கேட்கிறது. இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதல் வாரத்தில் பாகுவா கட்டத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்பது கட்டம், எட்டுத் திசையும் நடுவும். தெற்கு நெருப்பு, வடக்கு நீர் என்று படித்து, நெருப்புக் கட்டம் விழுந்த இடத்தில் சிவப்பு மூடி போட்ட விளக்கு ஒன்றை வைத்தேன். பத்து நாள் கழித்துத்தான் படத்தின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது. சீன முறையில் படத்தின் மேல்பக்கம் தெற்கு! நான் பள்ளிக்கூடப் பழக்கத்தில் மேலே வடக்கு என்று எடுத்துக்கொண்டு கட்டத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். நீரின் இடத்தில் போய் நெருப்பு உட்கார்ந்திருந்தது. ஐந்து பூதங்களின் கணக்கில் நீர் நெருப்பை அணைக்கும். விளக்கு என்னவோ அணையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் திசை அளக்கும் வேலை. போனில் உள்ள காம்பஸை வாசலில் வைத்துப் பார்த்தால் முதல் முறை 94 டிகிரி, அடுத்து 81, அடுத்து 110. கிழக்குதான், சந்தேகமில்லை. ஆனால் லோ பான் என்னும் சீனத் திசைகாட்டியில் ஒவ்வொரு திசையையும் மூன்றாகப் பிரித்து மொத்தம் 24 பங்கு, பங்குக்கு 15 டிகிரி. என் மூன்று அளவும் மூன்று வெவ்வேறு பங்கில் விழுந்தன. காரணம் இரும்புக் கேட். நாலு அடி தள்ளி, இடுப்பு உயரத்தில் பிடித்து, ஐந்து முறை பார்த்தபின் 92, 93 என்று நிலைத்தது. புத்தகம் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இதற்குள் புத்தகங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ஒன்று செல்வ மூலை தென்கிழக்கு என்கிறது. இன்னொன்று, வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடப்பக்கக் கோடி மூலை என்கிறது. கிழக்கு வாசல் வீட்டில் அது தென்மேற்கு, அதாவது என் படுக்கையறை. தென்கிழக்கில் இருப்பது செருப்பு அலமாரி. நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இரண்டும் வேறு வேறு மரபுகள். முதலாவது காம்பஸ் பார்க்கும் பழைய முறை. மற்றது லின் யுன் என்பவர் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறை. அதில் காம்பஸே வேண்டாம், வாசலை வைத்தே எல்லாம். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எந்த மரபு என்று போட்டிருந்தால் என் நோட்டில் பாதிப் பக்கம் மிச்சமாகியிருக்கும். குவோ பு (276–324) என்னும் சீன அறிஞர் பெயரில் வழங்கும் பழைய ஃபெங் சுய் நூல் பேசுவதோ கல்லறைக்கு இடம் பார்ப்பதை. நாம் செருப்பு அலமாரிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி கட்டில் கதை. குவா எண் என்று ஒன்று உண்டு. 2000க்கு முன் பிறந்த ஆண் என்றால், பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி, 10இலிருந்து கழிக்க வேண்டும். நான் 1987. 8+7=15, 1+5=6, மீதி 4. நாலாம் எண்காரருக்கு முதல் தரமான திசை வடக்கு. கட்டிலை வடக்கே தலை வைக்கும்படி திருப்பினேன். கதவு தலைமாட்டை ஒட்டி வந்துவிட்டது. யார் உள்ளே வந்தாலும் தலைக்கு மேல் வந்து நிற்கிறார்கள். போதாக்குறைக்கு பீரோ கண்ணாடி நேர் எதிரில். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டில் இன்னொருவன் எழுந்திருக்கிறான். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி ஆகாது என்று ஏன் எழுதினார்கள் என்பது அந்த ராத்திரி விளங்கியது.

மூன்று வாரம் இப்படியே தூங்கினேன். அப்புறம் பின்பக்கத்து அட்டவணையில் ஒரு குறிப்பு: இந்தக் கணக்குக்கு வருடப் பிறப்பு பிப்ரவரி 4 வாக்கில். நான் பிறந்தது ஜனவரியில்! அப்படியானால் என் வருடம் 1986. திரும்பவும் கணக்கு: 8+6=14, 1+4=5, 10இல் கழித்தால் 5. ஆணுக்கு 5 வந்தால் 2 என்று கொள்ள வேண்டுமாம். இரண்டாம் எண்காரருக்கு இருப்பதிலேயே மோசமான திசை எது என்று பார்த்தேன். வடக்கு.

மறுபடி கட்டிலை இழுத்தோம். இப்போது தலை மேற்கே, முதுகுக்குப் பின்னால் சுவர், கதவு குறுக்காகக் கண்ணில் படுகிறது, கண்ணாடியின் மேல் ஒரு துணி. தூக்கம் நன்றாக வருகிறது. எண் சரியானதாலா, கதவு தெரிவதாலா என்று கேட்டால், கதவுக்குத்தான் என் ஓட்டு. குவா கணக்கு எனக்குக் குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி. போட்டுப் பார்க்கப் பிடிக்கிறது, அதை நம்பிச் சுவரை இடிக்க மாட்டேன்.

அடுத்தது பறக்கும் நட்சத்திரங்கள், அதாவது காலத்தையும் திசையையும் சேர்த்து வீட்டுக்கு எண் கட்டம் போடும் முறை. இருபது வருடத்துக்கு ஒரு காலம். 2004இல் தொடங்கிய எட்டாம் காலம் 2024இல் முடிந்து, ஒன்பதாவது 2044 வரை. வீட்டுக்குக் கட்டம் போட வீடு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். கட்டி முடித்த வருடத்தை எடுப்பதா, குடி வந்த வருடத்தை எடுப்பதா? இதிலும் இரண்டு புத்தகமும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.