தோலும் சுரப்பியும்: வீட்டு மைக்ரோஸ்கோப்பில் இதுவரை பார்த்தவை

வீட்டில் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் குளத்துத் தண்ணீரில்தான் தொடங்குவார்கள். நான் தோல் பக்கம் போனேன். பாம்பு உரித்த சட்டை, கழன்ற செதில், விழுந்த இறகு, சீப்பில் சிக்கிய முடி என்று இதற்கு மாதிரிகள் தாமாகவே வந்து சேரும். எந்த உயிரையும் அறுக்க வேண்டியதில்லை. கருவிகளும் குறைவுதான்: 40 முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கும் மாணவர் மைக்ரோஸ்கோப், 10 மடங்கு கை லென்ஸ், ஸ்லைடு, கவர் கிளாஸ், நிறமில்லாத நகப்பூச்சு, அயோடின் கரைசல்.

இந்த வேலையில் இறங்கினால் ஒன்று சீக்கிரமே பிடிபடும். தோலில் கெட்டியாக இருப்பதெல்லாம் சுலபமாகக் கண்ணில் படும். செதில், இறகு, முடி, நகம் எல்லாம் கெராட்டின் என்ற கடினப் புரதமோ எலும்புச் சத்தோ சேர்ந்து இறுகியவை; எடுத்து வைத்தால் அப்படியே இருக்கும். சுரப்பிகள் அப்படியில்லை. ஈரமானவை, உள்ளே புதைந்தவை, உடல் போனால் தாமும் போய்விடுபவை. அவற்றை அவை வெளியே விட்ட தடயத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். என் பொழுதுபோக்கு மெல்ல மெல்ல அந்தத் தடயம் தேடும் வேலையாகவே ஆகிவிட்டது.

பாம்புச் சட்டை

முழுதாக உரிந்த சட்டை கிடைத்தால் தலைப்பக்கத்தை முதலில் பாருங்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்காது. வட்டமான, ஒளி புகும் ஒரு செதில் இருக்கும். பாம்புக்குத் திறந்து மூடும் இமை கிடையாது; கண்ணை நிரந்தரமாக மூடியிருக்கும் அந்தச் செதிலும் சட்டையோடு கழன்று வந்துவிடும். உரிப்பதற்கு முன் பாம்பின் கண் மங்கி நீலம் பூத்தாற்போல் இருப்பதுண்டு. பழைய அடுக்குக்கும் புதிய அடுக்குக்கும் நடுவே திரவம் ஊறுவதுதான் காரணம்.

ஒரு துண்டை வெட்டி நனைத்து விரித்து 40 மடங்கில் வைத்தால், தடித்த செதில், அடுத்து சுருக்கம் விழுந்த மெல்லிய மடிப்பு, மறுபடி செதில் என்று எங்கும் அறுபடாமல் ஒரே தாளாக ஓடும். மடிப்புகள் எல்லாம் விரிந்துகொள்வதால்தான் சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கிறது. நிறம் பெரும்பாலும் வராது. நிறச் செல்கள் கீழேயே தங்கிவிடும், கொஞ்சம் மெலனின் என்ற கருநிறமி மட்டும் மேலே ஏறி மங்கலான கோலமாகத் தெரியும்.

எல்லா முதுகெலும்பிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் பிரிந்து பெருகி மேலே தள்ளப்படுகின்றன. நிலத்தில் வாழ்பவற்றில் அவை போகும் வழியில் கெராட்டினை நிரப்பிக்கொண்டு செத்துப்போகின்றன. நமக்கு ஏறக்குறைய 4 வாரத்தில் ஒரு செல் இந்தப் பயணத்தை முடித்துப் பொடியாக உதிரும். பாம்பு மொத்த அடுக்கையும் ஒரே தடவையில் கழற்றிப் போட்டுவிடும்.

சட்டையில் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தேடினேன். உடல் பகுதியில் எதுவும் அகப்படவில்லை. அதில் வியப்பும் இல்லை. பாம்பின் தோலில் சுரப்பிகள் மிகமிகக் குறைவு. கெராட்டின் அடுக்குகளுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. (சட்டையைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருப்பது சகஜம்.)

மீன் செதில்

பாம்பின் செதில் மேல்தோலின் மடிப்பு. மீனின் செதில் அடித்தோலில் உருவாகும் மெல்லிய எலும்புத் தகடு. அதனால்தான் மீன் செதிலைச் சுரண்டினால் ஒவ்வொன்றாக உதிர்கிறது, பாம்பின் செதில் உதிர்வதில்லை. கெண்டையின் செதில் ஓரம் வழவழப்பாக இருக்கும். கொடுவாயின் செதிலில் பின்னோரம் முழுக்க நுண்ணிய முட்கள். இரண்டிலும் நடுவிலிருந்து வளைய வளையமாகக் கோடுகள் விரியும். வளர்ச்சி மந்தமான பருவத்தில் கோடுகள் நெருங்கி விழும். மீனின் வயதைக் கணிக்க இதைத்தான் எண்ணுகிறார்கள்.

ஆனால் செதிலைக் கழுவித் துடைத்துப் பார்ப்பவர்கள் நல்ல பகுதியைக் கழுவிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். புதிதாக எடுத்த செதிலின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே ஒரு சொட்டு நீர்த்த உப்புநீரில் போட்டு 100 மடங்கில் வைத்தால், கிளை கிளையாகக் கைநீட்டிய கரும்புள்ளிகள் தெரியும். அவை நிறச் செல்கள். உள்ளே இருக்கும் மெலனின் மணிகள் கிளைகளுக்குள் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் திரண்டால் வெளுக்கும். ஒரே செதிலில் சில செல்கள் முழுக்க விரிந்தும் சில சுருங்கிப் பொட்டாகவும் இருந்ததைப் பார்த்தேன்.

கையில் ஒட்டும் அந்த வழவழப்புக்கும் இந்த மெல்லிய தோல்தான் பொறுப்பு. மீனில் பெரும்பாலான சளிச் சுரப்பிகள் ஒற்றைச் செல்கள். மேல்தோலில் ஆங்காங்கே நின்று தனித்தனியாகச் சளியைக் கக்குபவை. நீரில் உராய்வைக் குறைப்பதும் கிருமிகளை ஒட்டவிடாமல் தடுப்பதும் அந்தச் சளிதான்.

ஜன்னல் பல்லி

இதற்கு ஸ்லைடே வேண்டாம். இரவில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளிருந்து கை லென்ஸை வைத்தால் அடிவயிறு முழுக்கத் தெரியும். ஆண் பல்லியின் தொடையின் உட்பக்கத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். அவை சுரப்பித் துளைகள். மெழுகு போன்ற பொருளைக் கசியவிட்டுத் தன் இடத்தை மற்றப் பல்லிகளுக்கு அடையாளம் காட்டப் பயன்படுபவை. ஊர்வனவற்றின் தோலில் நான் நேரில் பார்த்த சுரப்பி அடையாளம் இது ஒன்றுதான்.

இறகு

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. தோலில் குறிப்பிட்டுச் சொல்லும்படி இருப்பது வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி ஒன்று. பறவை அலகை வாலடியில் தேய்த்துவிட்டு இறகுகளைக் கோதும்போது நடப்பது எண்ணெய் பூசும் வேலை.

இறகில் தண்ணீர் ஒட்டாததற்கு அந்த எண்ணெய் மட்டுமே காரணமா என்று பார்க்க ஆசை வந்தது. வாத்து இறகு ஒன்றைச் சோப்பு நீரில் நன்றாக அலசி, சோப்பு முழுக்கப் போகும்வரை கழுவி உலர்த்தினேன். கலைந்த நிலையில் சொட்டுவிட்ட தண்ணீர் உள்ளே இறங்கியது. விரலால் அடியிலிருந்து நுனிவரை நீவி இழைகளை ஒன்றோடொன்று மாட்டவிட்டபின் அதே இறகில் சொட்டு உருண்டு நின்றது. 100 மடங்கில் காரணம் தெரியும்: ஒவ்வொரு கிளையிலும் நுண்கிளைகள், ஒரு பக்கத்து நுண்கிளைகளில் குட்டிக் கொக்கிகள், அவை அடுத்த கிளையின் நுண்கிளைகளைப் பற்றிக்கொள்கின்றன. அந்த நெருக்கமான வலைக்குள் காற்று தங்குவதால் நீர் நுழைவதில்லை. எண்ணெயின் வேலை இறகு காய்ந்து ஒடியாமல் வைத்திருப்பது. எண்ணெய்க் கசிவில் சிக்கிய கடற்பறவைகளைச் சோப்பால் கழுவினாலும், அவை மறுபடி கோதி இறகை ஒழுங்குபடுத்திக்கொண்டதும் நீர் ஒட்டாத தன்மை திரும்பிவிடுவது இதனால்தான்.

காட்டுப் பறவைகளின் இறகைச் சேர்த்து வைப்பதற்குச் சில நாடுகளில் சட்டத் தடை உண்டு. வளர்ப்புப் பறவை உதிர்த்ததே போதும்.

முடி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, முடியை அதில் பதித்து, காய்ந்ததும் உரித்தெடுத்தால் முடியின் மேற்புறச் செதில்களின் அச்சு அப்படியே நிற்கும். நம் முடியில் நெருக்கமான, ஒழுங்கில்லாத அலைக்கோடுகள். பூனையின் மெல்லிய முடியில் கூர்மையான இதழ்கள். உள்தண்டைப் பார்க்க முடியை எண்ணெயில் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் விட வேண்டும். முயல் முடியில் காற்றறைகள் பல வரிசையாக நிற்கும். மனித முடியில் அந்தத் தண்டு மெலிந்தோ விட்டுவிட்டோ இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

விரலும் உள்ளங்கையும்

இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாதிரி நம் உடம்பிலேயே இருக்கிறது.

கையைக் கழுவித் துடைத்து, விரல் நுனியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கை லென்ஸால் பாருங்கள். ரேகையின் மேட்டில் வரிசையாகக் குழிகள். சற்றுப் பொறுத்தால் ஒரு குழியிலிருந்து மின்னும் சொட்டு எழும்பும், பக்கத்தில் இன்னொன்று. ரேகைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஒன்றுகூட எழாது. வியர்வைத் துளைகள் மேட்டில்தான் திறக்கின்றன.

இதைப் பதிவாக எடுக்க அயோடின் உதவும். உள்ளங்கையில் சிறு சதுரத்தில் அயோடின் கரைசலைப் பூசி முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு சாதாரண வெள்ளைத் தாளை அழுத்தி எடுத்தால் நீலக்கறுப்புப் புள்ளிகள் விழும். எழுதும் தாள்களில் பெரும்பாலும் மாவுச்சத்து சேர்த்திருப்பார்கள். அயோடின், மாவுச்சத்து, ஈரம் மூன்றும் சேரும் இடத்தில்தான் அந்த நிறம் வரும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சுரப்பி. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருந்தபோது எடுத்த தாளில் புள்ளிகள் குறைவு. பெரிய எண்களை மனக்கணக்காகப் பெருக்கிக்கொண்டே எடுத்த தாளில் ரேகை வரிகள் புள்ளிக் கோடுகளாகவே விழுந்தன. உள்ளங்கைச் சுரப்பிகள் வெப்பத்தைவிட மனப் பதற்றத்துக்குச் சட்டென்று இளகுபவை. முன்கையில் நேர்மாறு: கணக்குக்கு அசையவில்லை, மாடிப்படி ஏறி இறங்கியதும் புள்ளிகள் வந்தன. ஒரு மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் இந்த வகைச் சுரப்பி பாதத்து மெத்தைகளில்தான். பயந்த நாய் வழவழப்பான தரையில் ஈரத் தடம் பதித்துப் போவது அதனால்தான்.

எண்ணெய்ச் சுரப்பிக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. மெல்லிய தாளை மூக்கில் அழுத்தினால் ஒளி கசியும் கறை விழும். கழுவித் துடைத்த உள்ளங்கையில் அழுத்தினாலும் ஈரக் கறை விழும். கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள்: உள்ளங்கைக் கறை காய்ந்து மறைந்துவிடும், மூக்கின் கறை அப்படியே நிற்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. பொதுவாக அவை முடிக்குழியை ஒட்டியே இருப்பவை. முடி இல்லாத அந்த இடங்களில் அவையும் இல்லை.

தயார் ஸ்லைடுகள்

சுரப்பியின் உள்ளமைப்பை வீட்டு உபாயங்களால் பார்க்க வழியில்லை. நிறமேற்றிய தயார் ஸ்லைடுகளை வாங்கினேன்: ஒன்று தவளைத் தோல், ஒன்று மனிதத் தலைத்தோல்.

தவளைத் தோலில் மேல்தோல் சில செல்கள் தடிமன்தான். தவளை தோல் வழியாகவும் மூச்சுவிடுவதால் அதற்குக் கனத்த கவசம் கட்டுபடியாகாது. அதற்குக் கீழே அடித்தோலில் உருண்டைப் பைகள். சிறியவை, நிறைய இருப்பவை சளிச் சுரப்பிகள். பெரியவை, உள்ளே மணிமணியாக அடைத்திருப்பவை நச்சுச் சுரப்பிகள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் மேடு இத்தகைய நச்சுச் சுரப்பிகள் ஒன்றாகத் திரண்ட இடம். அதை அழுத்திப் பார்க்காதீர்கள்.

தலைத்தோல் ஸ்லைடில் முடிக்குழியின் பக்கத்தில் வெளிறிய, நுரை நுரையான செல்கள் கொத்தாக இருக்கும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்து வெளியேறியதால் வந்த வெறுமைதான் அந்த நுரைத் தோற்றம். ஓரத்துச் செல்களில் உட்கரு தெளிவாக இருக்கும். குழியை நெருங்க நெருங்க உட்கரு சுருங்கிக் கறுத்து, கடைசியில் செல்லே உடைந்து போயிருக்கும். உடைந்த செல்தான் எண்ணெய். வியர்வைச் சுரப்பியின் செல்கள் அப்படிச் சாவதில்லை, சுரந்துவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே ஸ்லைடில் இரண்டு விதமான வேலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இன்னும் ஆழத்தில், கொழுப்புப் படலத்தின் எல்லையில், சின்னச் சின்ன வளையங்கள் கூட்டமாக இருக்கும். பார்த்தால் பத்துப் பதினைந்து சுரப்பிகள் என்று தோன்றும். உண்மையில் அது ஒரே குழாய். சுருட்டி வைத்த கயிற்றைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் பல வட்டங்கள் தெரியுமல்லவா, அதேதான். ஃபோகஸை மெல்லத் திருகினால் சில வளையங்கள் பக்கத்து வளையத்தை நோக்கி வளைவதும் புலப்படும். முடிக்குழியைச் சாய்வாகப் பிடித்திருக்கும் தசை நார் ஒன்றும் அங்கே அகப்படும். குளிரிலும் திகிலிலும் மயிர்க்கூச்செறிய வைப்பது அது.

இந்த ஸ்லைடைப் பார்த்தபின்தான் மற்றதெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. மேல்தோல் அடித்தோலுக்குள் குழாயாக இறங்கிச் சுருண்டால் வியர்வைச் சுரப்பி, குழியாக இறங்கி உள்ளே கெராட்டினை அடுக்கினால் முடி. பால் சுரப்பியும் அப்படி இறங்கியதுதான். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸுக்கு முலைக்காம்பு இல்லை; பால் வயிற்றுத் தோலில் கசிந்து ஊற, குட்டி அங்கே நக்கிக் குடிக்கும். யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் வடிவதும், புனுகுப் பூனையின் புனுகும், ஆண் கஸ்தூரி மானின் கஸ்தூரியும் தோல் சுரப்பிகளின் சரக்குதான். நீர்யானையின் உடலில் சிவப்பாகக் கசிவதை ரத்த வியர்வை என்பார்கள். அது ரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. வெயிலைத் தடுக்கும் நிறமிகள் கலந்த சுரப்பு என்று 2004ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

அடுத்து புறாவைப் பார்க்கப் போகிறேன். புறா கண்ணாடியில் மோதினால் இறகு உட்பட முழு உருவமும் வெள்ளைப் பொடியாகப் பதிந்துவிடும். அதன் உடலில் சில இறகுகள் நுனியில் பொடிந்து நுண்ணிய கெராட்டின் மாவை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. விசிறிவால் புறாக்களுக்கு வாலடி எண்ணெய்ச் சுரப்பி இருப்பதில்லை; எண்ணெயின் இடத்தை இந்த மாவு எவ்வளவு தூரம் நிரப்புகிறது என்பதைச் சோப்பில் அலசிய புறா இறகிலும் அலசாத இறகிலும் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.