மனசுல இருந்து வந்த பேச்சு

மேடையில பேசறவங்களுக்கு உரை எழுதிக் கொடுக்கறதுதான் என் பொழைப்பு. இதுல இருக்கற ஒரே கண்டிஷன், எழுதினது நான்னு வெளிய மூச்சு விடக் கூடாது. இன்னைக்கு நேத்து தொழில் இல்ல இது, 2,400 வருஷம் முன்னாடி ஏதென்ஸ் கோர்ட்டுல அவனவன் கேஸை அவனவனே எழுந்து பேசணும்னு இருந்தப்போ லிசியாஸ்னு ஒருத்தர் காசு வாங்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கார், அதுவும் கட்சிக்காரர் எப்படிப் பேசுவாரோ அதே மாதிரி, கேக்கறவனுக்கு சந்தேகமே வராத அளவுக்கு. எங்க குலதெய்வம்னே வச்சுக்கலாம்.

நான் எழுதறது ஒரு பெரியவருக்கு, ஐயான்னு சொல்லிக்கறேன். ஐயாவுக்கு ழ வராது. அதனால என் உரையில யாருக்கும் மகிழ்ச்சி கிடையாது, எல்லாருக்கும் சந்தோஷம்தான். ‘வாழ்த்துகிறேன்’ மட்டும் தப்பிக்கவே முடியாது, அதை எப்பவும் கடைசி வரியா வச்சிடுவேன், அவர் ‘வால்த்துகிறேன்’னு சொல்றதுக்குள்ள கைதட்டல் வந்து மூடிடும். மத்ததெல்லாம் மூச்சுக்கணக்கு. பேப்பர்ல பாக்க அழகா இருக்கற நீள வாக்கியம் மேடையில ஆளையே கொன்னுடும், வினைச்சொல் கடைசியிலதான வரும், அது வர்றதுக்குள்ள ஐயாவுக்கும் மூச்சு போயிடும், கேக்கறவனுக்கும் யார் என்ன பண்ணாங்கன்னு மறந்துடும். எழுத்து பெருசா இருக்கணும், ஒரு வாக்கியம் ரெண்டு பக்கத்துக்கு உடையக் கூடாது, பக்கத்தோட கீழ்ப்பகுதி காலியா இருக்கணும், இல்லன்னா தலை குனிஞ்சு குனிஞ்சு கடைசியில கூட்டத்துக்கு வழுக்கை மட்டும்தான் தெரியும்.

இவ்வளவும் பண்ணிக் கொடுத்தா ஐயா செவப்பு பேனாவை எடுப்பார். எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி எதுவோ அதைத்தான் கரெக்டா அடிப்பார், எப்படித்தான் கண்டுபிடிக்கறாரோ தெரியல.

போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா, ஐயா சிறப்பு விருந்தினர். விளையாட்டு விழான்னா எங்கிட்ட ஒரு அஸ்திரம் ரெடியா இருக்கும். 1968, மெக்சிகோ ஒலிம்பிக், மராத்தான். தான்சானியாக்காரர் ஜான் ஸ்டீபன் அக்வாரி நடுவுல விழுந்து கால்ல அடி, கட்டு போட்டுக்கிட்டு நொண்டி நொண்டி ஓடி, ஜெயிச்சவர் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனப்புறம் கடைசி ஆளா ஸ்டேடியத்துக்குள்ள வர்றார். ஏன்யா இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடினேன்னு கேட்டா, என் நாடு என்னை 5,000 மைல் அனுப்பினது பந்தயத்தை ஆரம்பிக்க இல்ல, முடிக்கன்னு சொன்னாராம். இதுக்கு உருகாத கூட்டத்தை நான் பாத்ததில்ல. ஐயா உரையில ரெண்டாம் பக்கம் முழுக்க அக்வாரிதான், மூணாம் பக்கமும் ‘அந்த வீரரைப் போல’ன்னுதான் ஆரம்பிக்கும்.

அதே வாரம் தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணி, சார் ஒரு விளையாட்டு விழா, வரவேற்புரை, சும்மா அஞ்சு நிமிஷத்துக்கு ஏதாவது போட்டுக் கொடுங்களேன்னார். எந்த விழான்னு நான் கேக்கல, ஐயாவுக்கு எழுதறது நான்தான்னு அவருக்கும் தெரியாது. அந்த மூச்சு விடக் கூடாத கண்டிஷன் எங்க வந்து கடிச்சது பாருங்க. பழைய ஃபைல்ல இருந்து அக்வாரியை தூக்கி அவருக்கும் கொடுத்துட்டேன்.

விழா அன்னைக்கு கடைசி வரிசையில உக்காந்திருக்கேன். வரவேற்புரைக்கு மைக் முன்னாடி வந்து நிக்கறது யாருன்னு பாத்தா அதே தெரிஞ்சவர். எனக்கு கால் நொண்ட ஆரம்பிச்சது அப்பதான். மனுஷன் பிரமாதமா வேற பேசறார், 5,000 மைல்னு சொல்லி நிறுத்தி, நான் குறிச்சுக் கொடுத்த இடத்துல மூச்சு விட்டு... கைதட்டல் அடங்கவே இல்ல. ஐயா மெதுவா கையில இருந்த பேப்பரைப் புரட்டினார். ரெண்டாம் பக்கம். நிமிர்ந்து கூட்டத்துல என்னைத் தேடினார். நான் குனிஞ்சு செருப்பு வார் சரி பண்ணிட்டிருந்தேன்.

அமெரிக்க அதிபர் கிளின்டனுக்கே 1993ல நாடாளுமன்றத்துல பாத்துப் படிக்கற டெலிப்ராம்ப்டர் திரையில வேற பழைய உரையை ஏத்திட்டாங்க, மனுஷன் ஏழு நிமிஷம் போல அது இல்லாமயே சமாளிச்சார்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா கிளின்டனுக்கு ழ பிரச்சனை கிடையாதே.

ஐயா எழுந்து போனார். பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சார். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னார், “கடைசியா வந்தவரைப் பத்தி கேட்டீங்க. இங்க தோத்துட்டு உக்காந்திருக்கற பசங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன். நீங்க ஓடினதாலதான் அது பந்தயம். நீங்க இல்லன்னா ஜெயிச்சவன் தனியா மைதானத்தை சுத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.”

கூரை பிஞ்சிடும் போல சத்தம். கப் வாங்கின பசங்க கூட சிரிச்சுக்கிட்டே தட்டறாங்க. மூணே நிமிஷத்துல முடிச்சுட்டு உக்காந்துட்டார், வால்த்துகிறேன் கூட சொல்லல.

எனக்கு உயிர் வந்துடுச்சு, ஆனா அந்த வரி மட்டும் எங்கயோ கேட்ட மாதிரி உறுத்திட்டே இருந்துச்சு. ராத்திரி பழைய பிரதியெல்லாம் எடுத்துக் குடைஞ்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு விழாவுக்கு நான் எழுதினது, அதே வரி, மேல செவப்புல ஒரு கோடு, ஓரத்துல ஐயா கையெழுத்துல ‘ஜெயித்தவரை அவமதிப்பது போல் உள்ளது. வேண்டாம்.’

மறுநாள் காலையில போன். திட்டு விழப்போகுதுன்னு எடுத்தா ஐயா குரல்ல ஒரே குஷி.

“பாத்தியா தம்பி, மனசுல இருந்து வந்தா எப்படி இருக்குன்னு. மார்ட்டின் லூதர் கிங் 1963ல பேசினாரே, எனக்கொரு கனவுன்னு, அது எழுதி வச்சதுலயே கிடையாதாமே. பின்னாடி இருந்து ஒரு பாட்டுக்கார அம்மா, அந்தக் கனவைப் பத்தி சொல்லுங்கன்னு கத்தினாங்களாம், உடனே பேப்பரை விட்டுட்டுப் பேசினாராம்.”

ஆமாங்க ஐயான்னேன். அதே கனவை அவர் ரெண்டு மாசம் முன்னாடியே டெட்ராய்ட்டுல ஒரு தடவை பேசிட்டாருங்கறதை நான் சொல்லல. செவப்புக் கோடு போட்ட பேப்பர் மேஜை மேலதான் இருந்துச்சு, அதையும் சொல்லல.

“அடுத்த மாசம் இன்னொரு விழா இருக்கு” அப்படின்னார். “அதுக்கும் இதே மாதிரி மனசுல இருந்து பேசணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுத்துடு. பேப்பரை எந்த இடத்துல மடிச்சு வைக்கணும்னு மட்டும் மறக்காம குறிச்சுக் கொடு.”