பிரியாணி இல்லாத கிறிஸ்மஸ்

இந்தத் தடவை கிறிஸ்மஸ் சாப்பாடு எங்கள் வீட்டு முறை. மூன்று வீடு மாற்றி மாற்றி வைப்போம். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மதுரைக்காரர்கள் "வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுடுது, பிள்ளைகளைத் தூக்கிட்டு பஸ் மாற முடியாது" என்று கழன்றுகொண்டிருந்தார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் அந்தச் சாக்கும் போய்விட்டது. ஆக 19 பேர். என் கையில் 5,000 ரூபாய். வாடைக்காற்று நேரம், வீட்டுக்காரர் கடலுக்குப் போன நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் சண்டை பிரியாணிக்குத்தான். 19 பேருக்கு ஆறு கிலோ கறியாவது வேண்டும், கடையில் கிலோ 850 சொன்னார்கள், கறிக்கே காசு பத்தாது. தேங்காய்ப்பால் சோறு, இரண்டு கிலோ கறியில் உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு, மிச்சமெல்லாம் காரல் மாதிரி மலிவான பொடிமீன் என்றேன். அத்தைக்கு முகமே சரியில்லை. "கிறிஸ்மஸ் அன்னைக்குக் காரலா பொரிச்சு வைப்ப? ஊரு சிரிக்கும்டி." சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தீவில் ஒரு வசதி, வாடையில் வடகடல் குமுறிக்கொண்டு கிடந்தாலும் தென்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், கரைவலை இழுப்பார்கள். 24-ஆம் தேதி விடியற்காலை போய் நின்றேன். காரல் ஒரு கூடை 400 ரூபாய். அப்புறம் நண்டு. முழு நண்டை ஏற்றுமதிக்கு எடுக்கிறவர்கள் கொண்டுபோய்விடுவார்கள், நம்மால் கிட்ட நெருங்க முடியாது, ஆனால் கால் உடைந்ததை ஒதுக்கிப் போடுவார்கள். குழம்புக்கு அது போதும். சட்டிக்குள் போனால் எல்லா நண்டுக்கும் கால் உடையத்தானே போகிறது. நாலு கிலோ 1,000-க்கு முடித்தேன்.

"என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்பேன், ஆளுக்கொரு கேக் வரும், நாலு நாள் எறும்பு தின்னும். இந்த முறை வெட்கப்படாமல் சொல்லிவிட்டேன். மதினி அரிசி, சித்தி பத்து தேங்காய், ஆர்.எஸ். மங்கலத்து மாமா குண்டு மிளகாய் வத்தல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மாமா அந்த வத்தலைப் பெண் கொடுக்கிற மாதிரிதான் எடுத்துக் கொடுக்கிறார். அத்தை அதை வறுத்து அம்மியில் வைத்த பிறகுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது.

வாழை இலை விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினேன். பனைக்கா இங்கே பஞ்சம்? தம்பி குருத்தோலையாக வெட்டி வந்து முற்றத்தில் உட்கார்ந்து பட்டை மடித்தான். ஓலையை விரித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடக்கி, முனையை அதன் நாராலேயே இறுக்கிக் கட்டினால் தோணி மாதிரி நிற்கும், நண்டுக் குழம்பு ஊற்றினாலும் ஒரு சொட்டு ஒழுகாது. சூட்டுக்குப் பச்சை ஓலை வாசம் சோற்றில் ஏறும் பாருங்கள், அந்த வாசம் எந்தத் தட்டிலும் வராது. மதுரைப் பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆளுக்கொரு பட்டை மடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் தூங்கியதன் பலன், சோறு அடிப்பிடித்துவிட்டது. தேங்காய்ப்பாலுக்குத் தீயைக் குறைக்க மறந்துவிட்டேன். மேலாக எடுத்துப் பரிமாறி, காந்தலை அண்டாவோடு பின்கட்டில் ஒளித்து வைத்தேன். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் அத்தையும் மாமாவும் அண்டாவுக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து, கரண்டியால் காந்தலைச் சுரண்டி, மிச்சமிருந்த காரல் பொரியலைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அத்தை, "கறி கொஞ்சம் வேகலை" என்றார்.

கணக்கு நோட்டில் 5,140 வந்தது. அந்த 140 ஐஸ் கட்டிக்கு.