ஆபர்ன் வக்கீலும் ஒரு வக்காலத்தும்

தம்புச் செட்டித் தெருவில் என் சேம்பருக்கு ஏறும் குறுகிய படிக்கட்டில், சென்ற மாதம், ஜூனியர் ஒருவர் கேட்டார்: "இந்தக் கேஸை ஏன் சார் எடுத்தீங்க? ஊரே அவனைத் தூக்குல போடச் சொல்லுது." சட்ட உதவி வழியாக வந்த கொலை வழக்குக் கட்டு அது. பதிலாக, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வக்கீல் வில்லியம் சீவார்டின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நீதிமன்றத்துக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

சீவார்ட் என்றதும் பெரும்பாலோருக்கு அலாஸ்காதான் நினைவுக்கு வரும். லிங்கனின் அயலுறவுச் செயலராக 1861இல் பதவியேற்று, அவருக்குப் பின்னும் 1869 வரை அதே பொறுப்பில் நீடித்த அவர், 1867இல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து வாங்கினார். அதற்கு முன்பே நியூயார்க் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். உள்நாட்டுப் போரின் விளிம்பில், வெளிநாடுகளுடன் சண்டைக்குப் போனால் நாடு ஒன்றுபடும் என்று லிங்கனுக்கே குறிப்பு எழுதிய அவசரக்காரரும் அவர்தான். லிங்கன் அதை ஏற்காதது நல்லதாயிற்று. இவையெல்லாம் வரலாற்று ஆசிரியர்களின் சீவார்ட். என்னுடைய சீவார்ட், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் என்ற சிற்றூரில் வழக்காடிய வக்கீல்.

1846 மார்ச்சில் அவ்வூருக்கு அருகே வான் நெஸ்ட் குடும்பத்தில் நான்கு பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒன்று குழந்தை. கொன்றவன் வில்லியம் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞன். குதிரை திருடியதாகச் சொல்லப்பட்டு, அதைத் தான் செய்யவில்லை என்று கடைசிவரை மறுத்தும், ஐந்தாண்டுகள் ஆபர்ன் சிறையில் கிடந்தவன். அங்கே பலகையால் தலையில் அடிபட்டுச் செவிப்புலனை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்தான். நீதிபதி கேட்பது அவன் காதில் விழவில்லை, விழுந்ததும் விளங்கவில்லை. அவனுக்காக யார் வாதாடுவது என்ற கேள்வி எழுந்தபோது, சாகும்வரை இவனுக்கு நானே வக்கீல் என்று முன்வந்தார் சீவார்ட். கூட்டமோ ஃப்ரீமனை அங்கேயே அடித்துக் கொல்லும் வெறியில் இருந்த நாட்கள் அவை.

எதிர்த்தரப்பில் முன்னாள் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனின் மகன் ஜான், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். சீவார்ட் கையில் இருந்தது மனநிலைப் பிறழ்வு என்ற எதிர்வாதம் மட்டுமே: செய்வது இன்னதென்று அறியாத மனநிலையில் செய்தவனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது அது. இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கை ஒட்டி அதற்கான விதிகள் வகுக்கப்பட்டு அப்போது மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. (நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், இன்று அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அந்த விதிகளின் வழிவந்தவையே.) யூட்டிகா மனநலக் காப்பகத்தின் தலைவர் அமரையா பிரிகாமைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஆயினும் நடுவர் குழு குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சீவார்ட் மேல்முறையீடு செய்து மறுவிசாரணை ஆணை பெற்றார். அது நடக்குமுன் 1847இல் ஃப்ரீமன் சிறையிலேயே இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் அவன் மூளை நோயுற்றிருந்தது தெரிந்தது.

சீவார்ட் அத்தீர்ப்பில் தோற்றவர்தான். ஆனால், தோற்ற வழக்கில் மேல்முறையீட்டு மனுவுக்கு யார் தாளெடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் ஒரு வக்கீலிடம் முதலில் பார்ப்பேன். எங்கள் தொழிலில் முதல் நாள் வாய்தாவுக்கு மட்டும் ஆர்ப்பாட்டமாக வந்து, பிறகு காணாமல் போகிறவர்களே அதிகம்.

அந்த வழக்கின் இறுதி வாதத்தில், இன்று என் மீது கோபமாயிருப்போர் ஓய்ந்தபின், யாரோ வழிப்போக்கன் என்னைப் புதைத்த இடத்தில் ஒரு சிறு கல்லை நட்டு 'இவன் விசுவாசமாக இருந்தான்' என்று எழுதக்கூடும் என்ற பொருளில் சீவார்ட் பேசினார். 1872இல் அவர் இறந்தபின், ஆபர்னின் ஃபோர்ட் ஹில் கல்லறையில் அவ்வாசகமே பொறிக்கப்பட்டது.

மறுநாள் ஜூனியர் கேட்டது வேறு: "காது கேக்காதவன்கிட்ட அவர் எப்படி சார் இன்ஸ்ட்ரக்ஷன் வாங்கியிருப்பார்?" நல்ல கேள்வி. எங்கள் கட்சிக்காரரும் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறார். அவரைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் பரிசோதிக்கக் கோரும் மனு வரும் வாரம் விசாரணைக்கு வருகிறது.