மாக்சிக் சொன்னது ‘கித்தா’

சிங்கப்பூரில் நான் பார்க்கும் வேலை, படங்களுக்குத் தமிழ் வசன வரி எழுதுவது. சப்டைட்டில் என்றால்தான் பலருக்குப் புரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு தொகுப்புப் படம் கைக்கு வந்தது. ஐந்து இயக்குநர்கள், ஐந்து சின்னக் கதைகள், எல்லாமே இந்த ஊரில் பல இனத்தார் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டும் தாங்கிக்கொண்டும் வாழ்வதைப் பற்றி. நாட்டின் 50ஆம் ஆண்டுக்காக 2015இல் ஏழு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த ‘செவன் லெட்டர்ஸ்’ பார்த்ததிலிருந்தே இந்த வகைப் படங்கள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. பிரிட்டிஷ் படைகள் கிளம்பும் காலத்தில் போவதா இருப்பதா என்று தவிக்கும் ஓர் இந்தியக் குடும்பத்தை அதில் கே. ராஜகோபால் காட்டியிருப்பார். அதனால் சம்பளம் பேசும் முன்பே சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலை கொடுத்த நிறுவனம் ஆங்கில வரிகள் மட்டும் உள்ள ஒரு கோப்பை அனுப்பியது. எந்த வரி எந்த நொடியில் வரும், எந்த நொடியில் போகும் என்று அதில் குறித்திருக்கும், நாம் தமிழை நிரப்ப வேண்டும். மூல வசனம் கேட்டேன், கிடைக்கவில்லை. படத்திலோ மலாய், ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி, தமிழ், மாண்டரின், வங்காளம் எல்லாம் கலந்து பேசுகிறார்கள். நான்கு நாள் அவகாசம். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு ஆங்கிலத்தைப் பார்த்தே எழுதி முடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் கதை ஒரு கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில் நடக்கிறது. கம்பத்தைக் காலி செய்து எல்லாரையும் அரசின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்கு அனுப்பும் காலம். ஒரு மலாய் மாக்சிக் (அத்தை மாதிரி, பெரிய பெண்களை அழைக்கும் சொல்), பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. இருவரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பசார் மலாய், பல இனத்தாரும் சந்தையில் பேசிக்கொள்ளும் எளிய மலாய். மாக்சிக் ஈரத் துணியை உதறிக்கொண்டே, பாட்டியின் முகத்தைப் பார்க்காமல், வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம் என்கிறார். ஆங்கில வரியில் வெறும் ‘வீ’. நான் “வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்புகிறோம்” என்று போட்டிருந்தேன்.

சின்னத் திரையரங்கு ஒன்றில் முன்னோட்டம் போட்டார்கள். முழுச் சத்தத்தோடு அந்தக் காட்சி வந்தது. மாக்சிக் சொன்னது ‘கித்தா’. சின்ன வயதில் ஈரச்சந்தையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல், காதில் விழுந்ததும் உடம்பு சில்லிட்டது. மலாயில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். மாக்சிக் பாட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறார், இருவருக்கும் ஒரே புளோக்கில் வீடு கிடைத்துவிட்டது, அதைத்தான் அப்படிச் சொல்கிறார். அவருக்குக் கீழே என் தமிழ் வரி, பாட்டியை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கதையே அங்கே மாறிவிட்டது.

அடுத்த காட்சி இன்னும் நுட்பம். பாட்டியின் மகன் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். பாட்டி ஹொக்கியனில் அதே வாக்கியத்தைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அச்சு அசலாக அதே வரி. ஹொக்கியனிலும் நம் மொழியைப் போலவே இரண்டு உண்டு, ‘லான்’ என்றால் நாம், ‘குன்’ என்றால் நாங்கள். எது என்று எனக்குப் பிடிபடவில்லை. படக்குழுவில் இருந்த சீனப் பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. சீனர்கள் வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்று 1979இல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கம் தொடங்கியபின் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு வீட்டு ஹொக்கியன் விட்டுப்போயிற்று. அவள் தன் பாட்டிக்குப் போன் போட்டு, அந்த ஏழு நொடியை ஓடவிட்டுக் கேட்டாள். மறுமுனையில் பாட்டி சிரித்துவிட்டு, ‘குன்’ என்றாராம், மகன் அதில் இல்லை என்றாராம். பெற்ற மகனிடம், மாக்சிக்கைச் சேர்த்து நாங்கள் என்கிறாள் அந்தத் தாய்! இங்கே என் ‘நாங்கள்’ சரிதான், ஆனால் தெரியாமல் சரியாக விழுந்தது.

கம்பத்தில் புழங்கிய மூன்று மொழிகளுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். நடுவில் ஆங்கிலம் வழியாகப் போய்வருவதால்தான் அது கரைந்துபோகிறது. நிறுவனத்திடம் சொன்னால், யார் கவனிக்கப் போகிறார்கள், கோப்பை மூடியாகிவிட்டது என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில் இயக்குநர் தலையிட்டு ஒரு ராத்திரி வாங்கிக் கொடுத்தார்.

அந்த ராத்திரி படம் முழுவதும் ஆங்கிலத்தில் வரும் ‘வீ’ (we), ‘அவர்’ (our) எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். யார் சொல்கிறார், யாரிடம், உள்ளே யார் யார். வினை மட்டும் வரும் இடங்களில் தப்பித்துவிடலாம், ‘கிளம்புகிறோம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும், இடமும் மிச்சம். வீடு, ஊர், சாப்பாடு என்று வந்தால் முடியாது. நம் வீடா, எங்கள் வீடா என்று தமிழ் பதில் கேட்டே தீரும்.

இந்த நாட்டின் உறுதிமொழியிலேயே இது இருக்கிறது. 1966இல் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் “சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்” என்கிறோம். மலாயில் ‘காமி’ என்று தொடங்குகிறது. தேசிய கீதமோ “மாரி கித்தா” என்கிறது. பள்ளியில் வருடக்கணக்கில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன், அன்று ராத்திரிதான் காதில் விழுந்தது.

கடைசிக் கதையில்தான் மாட்டிக்கொண்டேன். புளோக் கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள், ஒரு சீனப் பெண்ணும் பத்து வருடமாக இங்கே கட்டட வேலை செய்யும் ஒரு பங்களாதேஷ் இளைஞனும். வேலையிடத்தில் பழகிய மாண்டரினில் அவன் பேச, அவள் பதில் சொல்கிறாள், ஊரில் மழை இப்படித்தான் என்று. இங்கே பேசும் மாண்டரினில் ‘வோமென்’ ஒன்றுதான், நாமும் அதுவே, நாங்களும் அதுவே. கேட்டுத் தெரிந்துகொள்ள எந்தப் பாட்டியும் இல்லை. முதலில் “எங்கள் ஊரில்” என்று எழுதி வைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல் இயக்குநருக்குச் செய்தி அனுப்பினேன். தனக்குத் தெரியாது, நடித்த பெண்ணிடம் கேட்கிறேன் என்றார். விடியற்காலை நாலரைக்குப் பதில் வந்தது, “அவனையும் சேர்த்துத்தான் சொன்னாளாம்.”

‘எங்கள்’ என்பதை அழித்துவிட்டு ‘நம்’ என்று அடித்தேன்.