எட்டாம் வகுப்பில் எழுதிய என்.எம்.எம்.எஸ்.

3, 8, 15, 24, 35. அடுத்த எண் என்ன? எட்டாம் வகுப்பில் எனக்கு இது பிடிபடவே இல்லை. பக்கத்தில் இருந்த தோழி, "எல்லாத்தோடயும் ஒண்ணைக் கூட்டிப் பாருடி" என்றாள். 4, 9, 16, 25, 36. அத்தனையும் வர்க்க எண்கள். அடுத்தது 49, ஒன்றைக் கழித்தால் 48. அவளுக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அந்த வருடம் நான் என்.எம்.எம்.எஸ். எழுதினேன், அதாவது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அவள் எழுதவில்லை. கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் வருமானச் சான்றுக்கு அலைய அவள் அப்பா இரண்டு நாள் கூலியை விடவேண்டியிருந்தது, அவரால் முடியவில்லை. திறமையைக் கண்டுபிடிக்க என்ன செலவாகும் என்று யார் பேசினாலும் எனக்கு அந்த இரண்டு நாள் கூலிதான் ஞாபகம் வருகிறது.

எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது என்று 2008-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டம் இது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 6,695 பேர். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக 48,000. மாதம் ஆயிரம் என்பது மில் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனாலும் நோட்டுக்கும் கைடுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்றானதும், என்னை வேலைக்கு அனுப்பும் பேச்சை அம்மாவால் தடுக்க முடிந்தது.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படித்து, ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருந்தால் எழுதலாம்; எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. குடும்ப வருமான வரம்பு இப்போது 3.5 லட்சம். மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தாளும் அப்படியே: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20.

பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட மனத்திறன் தாளில் தடுமாறுவார்கள், ஏனென்றால் வகுப்பில் அதை யாரும் நடத்துவதில்லை. பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். எண் தொடரா, முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள். மேலே சொன்னதில் 5, 7, 9, 11 என்று வரும், அடுத்தது 13. தோழியின் கண் இல்லாத எனக்கு அந்த வழிதான் கைகொடுத்தது. ஒரு கேள்வியில் சிக்கினால் உடனே தாண்டுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

தேர்ச்சி பெற்றபின் ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பணம் தொடரும், இதிலும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருமானச் சான்று இல்லாத வீடுகளின் பட்டியலை ஜூன் மாதமே எடுத்துவிடுங்கள். இ-சேவை மையத்துக்கு எல்லாருக்குமாக ஒருவர் போய்வந்தால் போதும், யாருடைய அப்பாவும் கூலியை விடவேண்டியதில்லை.