அம்மாவின் கறிவேப்பிலைக்கு ஒரு வெயில்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

குளிர்கால நேரத்துக்காக இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம். பின்னேரம் ஐந்தரைக்கே ரொறன்ரோவின் ஸ்காபரோ இருண்டுவிட்டது. கறிவேப்பிலைச் சாடியை செப்டம்பர் கடைசியிலேயே உள்ளே தூக்கிவந்து தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் கொட்டத் தொடங்கிவிட்டது. அம்மா காலையில் விழுந்த இலைகளைப் பொறுக்கிச் சுளகில் பரப்பிக் காயவைத்திருந்தா. ஈர்க்கு மட்டும் செடியில் நிற்கிறது.

"தம்பி, போன வருசமும் இப்பிடித்தான் குச்சியாய் நிண்டது. இந்த முறை தப்புமோ?"

"வெளிச்சம் காணாதம்மா."

சொல்லிவிட்டேன். ஆனால் எவ்வளவு காணாது, எவ்வளவு இருந்தால் காணும் என்று அம்மா கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

நவம்பர் 9, சனி

பக்கத்து வீட்டுக்காரர் தன் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிப்போனார். நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கறிவேப்பிலையைப் பற்றி வேலியோரம் புலம்பினேன், வந்து பார் என்றார். அங்கே ஆளுயரக் கறுப்புத் துணிக் கூடாரம். உள்ளே நாலு கஞ்சாச் செடிகள். 2018 அக்டோபர் 17இலிருந்து கனடாவில் இது சட்டப்படி சரி. ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நாலுதான்.

எனக்கு முதலில் கால் கூசியது. எங்கள் வீட்டில் அந்தப் பேரையே எடுக்கமாட்டார்கள். ஆனால் கூடாரத்தின் ஸிப்பை இறக்கியதும் கண் செடிக்குப் போகவில்லை, மேலே தொங்கியதற்குத்தான் போனது. அலுமினியச் சட்டத்தில் ஒரு விரல் அகலப் பட்டைகள் வரிசையாய்ப் பொருத்தி, வெள்ளை வெளிச்சம். அவரே செய்தது. முன்பு 400 வாட் சோடியம் விளக்கு வைத்திருந்தாராம். அந்தச் சூட்டை வெளியேற்றவே தனியாக ஒரு காற்றாடி வேண்டியிருந்ததாம். இப்போது அதில் பாதி மின்சாரமும் போவதில்லை.

இன்னொன்றும் காட்டினார். மின்விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மிளகளவு பச்சை விளக்கு ஒன்று எரியும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். கஞ்சாச் செடி பூக்க நாளுக்கு 12 மணித்தியாலம் இடைவிடாத இருட்டு வேண்டும், நடுவில் வெளிச்சம் கசிந்தால் பூ குழம்பிவிடும் என்றார். கறிவேப்பிலையில் நமக்கு வேண்டியது இலைதானே, அந்தக் கவலை உனக்கில்லை என்றும் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் தந்த குறிப்புகளை வாசித்தேன். இத்தனை காலம் நான் வெளிச்சத்தைக் கண்ணால் அளந்திருக்கிறேன், பிழை அங்கேதான். நம் கண் இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஜன்னலோரம் எனக்குப் பளிச்சென்று இருக்கிறது, செடியோ பட்டினி கிடக்கிறது. இலைக்குத் தேவை ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு சதுர மீற்றரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகிறது, ஒரு நாளில் மொத்தம் எத்தனை என்று எண்ணுகிறார்கள். மோல் என்பது அப்படிப் பெருந்தொகையை எண்ணும் அலகு, மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விநாடிக் கணக்கு மைக்ரோமோலில், நாள் கணக்கு மோலில்.

கைத்தொலைபேசியில் லக்ஸ், அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை, அளக்கும் செயலி இருக்கிறது. அதில் வருவதை மைக்ரோமோலாக மாற்ற, சூரிய ஒளியென்றால் 54ஆல் வகுக்க வேண்டும், வெள்ளை எல்.ஈ.டி. என்றால் ஏறக்குறைய 0.015ஆல் பெருக்க வேண்டும். துல்லியமான கருவிக்குப் பக்கத்தில் இது நிற்காது, ஆனால் வழிகாட்டப் போதும்.

நவம்பர் 14, வியாழன்

ஜன்னலோரம் அளந்தேன். மத்தியானம் வெயில் பட்ட அரை மணித்தியாலம் 6,000 லக்ஸ். முகில் வந்ததும் 900. மூன்றரைக்கு 300. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு மோலைத் தாண்டாது. கறிவேப்பிலைக்கு ஒரு 10, 12 மோலாவது கிடைத்தால்தான் துளிர்க்கும் என்று நினைக்கிறேன். ஐந்து ஆறு பேர் சாப்பிட இருக்கும் வீட்டில் ஒருவருக்குச் சமைத்த கணக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

ஊதா விளக்கு வாங்குவதா, வெள்ளை வாங்குவதா என்று நாள் முழுக்க யோசனை. கடையில் செடி விளக்கு என்று கேட்டால் முதலில் அந்த ஊதாவைத்தான் காட்டுகிறார்கள். பச்சையத்துக்குச் சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண் என்ற கணக்கு அது. அயலவர் தலையாட்டி மறுத்தார். 1972இல் மெக்ரீ என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களின் இலைகளை நிறம் நிறமாகப் பிரித்து அளந்திருக்கிறார். பச்சை ஒளியையும் இலை நன்றாகவே சாப்பிடுகிறது. அது மேல் இலையைக் கடந்து கீழ் அடுக்குக்கும் இறங்கும். அதோடு ஊதாவுக்குக் கீழே எல்லா இலையும் கறுப்பாய்த் தெரியும். மஞ்சள் தட்டியதா, பூச்சி வந்ததா என்று அம்மாவால் பார்க்க முடியாது. எனக்கு அந்தக் காரணமே போதும். வெள்ளைதான்.

வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் ஒரு நீலச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றுகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நொபெல் பரிசு. அவர்கள் கை எங்கள் வீட்டுச் சாம்பார் வரைக்கும் நீள்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

சாமான்கள் வந்துவிட்டன. 22 அங்குலப் பட்டை ஆறு, 3500 கெல்வின் வெள்ளை. வீட்டு மின்சாரத்தைப் பட்டைகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மீன்வெல் டிரைவர் பெட்டி ஒன்று, 24 வோல்ட் வரை, 4 ஆம்பியர், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு உள்ள வகை. அலுமினிய எல் வடிவக் கம்பிகள், 18 கேஜ் வயர், தொங்கவிடச் சங்கிலி. எல்லாமாக 160 டொலருக்குக் கொஞ்சம் மேலே.

பட்டைகளைத் தொடராக இணைப்பதா, சமாந்தரமாகவா என்பதுதான் முக்கியமான முடிவு. ஒரு பட்டைக்கு 20 வோல்ட் போகும். ஆறையும் தொடராகக் கோத்தால் 120 வோல்ட் நேர்மின்னோட்டம், கை பட்டால் ஆபத்து. அம்மா தண்ணி ஊற்றும் இடம். அதனால் சமாந்தரம். மொத்தம் 20 வோல்ட்தான், 4 ஆம்பியர் ஆறாகப் பிரிந்து பட்டைக்கு 0.67 வீதம் போகும். 80 வாட். பட்டையால் தாங்கக்கூடியதைவிடக் குறைவாக ஓட்டுவதால் சூடும் குறையும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் கூடும். கஞ்சா வளர்ப்பவர்கள் பல வருடம் தங்கள் பேஸ்மென்ற்களில் காசு செலவழித்துக் கற்ற பாடம் இது. குறைவாக ஓட்டு, பட்டையைக் கூட்டு.

நவம்பர் 30, சனி

சட்டம் 2 அடிக்கு 4 அடி. எட்டு அங்குலத்துக்கு ஒரு பட்டை. அலுமினியத்தில் ஓட்டை போட்டதும் விளிம்பை அரத்தால் தேய்த்தேன், இல்லாவிட்டால் அந்தப் பிசிறு வயரின் தோலை அறுக்கும். டிரைவரைச் சட்டத்தில் வைக்காமல் எங்கள் பேஸ்மென்ற் சுவரில் உயரத்தில் பொருத்தினேன், அதன் சூடு செடிக்கு வேண்டாம். பிளக்கிலிருந்து வரும் பச்சை எர்த் வயரை டிரைவருக்கும் சட்டத்துக்கும் சேர்த்து முடுக்கினேன். செருகுவது, தண்ணிக்குழாயடியில் உள்ளதுபோன்ற பாதுகாப்புப் பொத்தான் உள்ள பிளக்கில். இந்த இரண்டையும் செய்யாமல் யாரும் இப்படி ஒன்றைத் தொங்கவிடக்கூடாது.

இரவு ஏழரைக்குப் போட்டேன். அறை முழுக்க மத்தியானம்.

அம்மா படியில் நின்று பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தா. ஊரில் முற்றத்து வெயிலுக்குள் இறங்கும்போது அப்படித்தான் போடுவா.

டிசெம்பர் 2, திங்கள்

ஒரு அடி உயரத்தில் 16,000 லக்ஸ். 0.015ஆல் பெருக்கினால் 240 மைக்ரோமோல். 14 மணித்தியாலம் எரித்தால் நாளுக்கு 12 மோல். வேண்டியது அதேதான். கணக்கு நிஜத்தோடு பொருந்தியபோது நெஞ்சு நிறைந்தது.

பெரிய செடி நடுவில். பக்கக் கன்று மூன்றைப் பிரித்துச் சின்னச் சாடியில் வைத்திருந்தேன், அவை குட்டை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றி, தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வரச் செய்தேன்.

நேரம்: இரவு 9 மணியிலிருந்து காலை 11 வரை. ஒன்ராறியோவில் 2023 மே மாதத்திலிருந்து இரவுச் சலுகைக் கட்டணம் ஒன்று இருக்கிறது. இரவு 11இலிருந்து காலை 7 வரை இந்தக் குளிர்காலத்தில் ஒரு யூனிற் 2.8 சதம். வாரநாட்களில் மாலை 4இலிருந்து 9 வரைதான் கடும் விலை, 28.4 சதம். அந்த நேரத்தில் செடி தூங்கட்டும். சுவரில் அளந்தால் 88 வாட் இழுக்கிறது. மாதம் இரண்டரை டொலர் அளவில் வரும், விநியோகக் கட்டணமும் வரியும் தனி. கடையில் கறிவேப்பிலை இரண்டு பை வாங்கினால் அதைவிடக் கூட.

டிசெம்பர் 8, ஞாயிறு

அவசரப்பட்டேன். வெளிச்சம் கூடினால் நல்லதும் கூடும் என்று வெள்ளியன்று சங்கிலியை இறக்கி ஆறு அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். இன்று நுனி இலைகள் வெளிறி, விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. இரண்டு மாதம் நிழலில் கிடந்த செடிக்கு இது திடீர் சித்திரை வெயில். திரும்ப ஒரு அடிக்கு ஏற்றி, திருகைத் தணித்து 60 வாட்டுக்குக் கொண்டுவந்தேன். வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

"எரிச்சுப் போட்டியே, ராசா?" என்று அம்மா கேட்டா. அந்த இலைகளைத் தடவிக்கொண்டே இருந்தா.

டிசெம்பர் 21, சனி

வருடத்தின் மிகக் குறுகிய பகல், ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் பதினொன்றரைக்கு மேல் இருக்கும். வேலை முடிந்து காலை ஏழேகாலுக்கு வந்தேன். வெளியே இன்னும் இருட்டு, சூரியன் வர 7:48 ஆகும். நேரே கீழே போய் விளக்கடியில் கதிரையைப் போட்டு இருந்தேன். பெரிய செடியின் இரண்டு கணுக்களில் அரிசிமணி அளவு பச்சை. டிசெம்பரில் துளிர். அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ஒரு பட்டை அணைந்திருந்தது. பெருவிரல் நுனியால் வயரைத் தட்டினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. மீதி ஐந்தும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தன. அதுதான் பயம். டிரைவர் எப்போதும் 4 ஆம்பியரைத் தள்ளும். ஒன்று விலகினால் மற்றவை 0.8 வீதம் சுமக்கும். இன்னும் இரண்டு விலகியிருந்தால்? பட்டையில் வயர் செருகும் துளைக்குள் நான் செருகியது பல இழை வயர், இழைகள் பிரிந்து பிடி தளர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஒற்றைக்கம்பி வயர் போட்டேன், பத்து மில்லிமீற்றர் தோலுரித்து, செருகியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து. மூன்று மணித்தியாலம் போனது. முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெளியே உறைபனி, அடுப்பில் பொங்கினோம். துளிர்கள் இப்போது விரல் நீளம்.

ஜனவரி 19, ஞாயிறு

இலையில் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள். அயலவர் வந்து ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் கொப்பைத் தட்டினார். விழுந்த தூசியில் சில நடந்தன. சிலந்திப்பேன். ஹீற்றர் போட்டு உலர்ந்த காற்றில் இது பெருகுமாம். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்புறத்தை அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகக் கழுவினோம். முட்டை பொரிக்கும் என்பதால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டி இருந்தது. அரிசி கழுவின தண்ணியும் புளிச்ச மோரும் ஊரில் கறிவேப்பிலைக்கு அமிர்தம். இங்கே பேஸ்மென்ற்றுக் குளிரில் மண் காயாமல் சின்னப் பூச்சிகள் பறக்கின்றன. மே மாதம் வெளியே வைத்தபின் ஊற்றலாம் என்றேன். "அப்ப அதுவரைக்கும் பச்சைத் தண்ணியோ பாவம்" என்றா. ஆனால் கேட்டுக்கொண்டா.

பெப்ரவரி 16, ஞாயிறு

பனி கொட்டித் தீர்க்கிறது. வாசல் வழியை வழிக்க நானும் அயலவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்றோம். அம்மா அவருக்கு மோர்க்குழம்பு கொடுத்தனுப்பினா, எங்கள் இலை போட்டது. ஈர்க்கோடு பன்னிரண்டு இலை முறித்தோம். கடை இலையை விட மணம் தூக்கல். நான் சொல்லவில்லை, அம்மா முகர்ந்து பார்த்துச் சொன்னா.

அவர் கிண்ணத்தைத் திருப்பித் தந்தபோது அந்த இலையின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூடு முன்னுக்குப் போன நாள். டைமரையும் மாற்றினேன், மின்சாரக் கட்டணம் மணிக்கூட்டைப் பார்த்து ஓடுகிறது. பெரிய செடி அரை அடிக்கு மேல் வளர்ந்து விளக்கை நெருங்கிவிட்டது. சங்கிலியில் நாலு வளையம் ஏற்றினேன். கன்று மூன்றும் பிழைத்துக்கொண்டன. ஒன்று தங்கச்சி வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. மூன்றாவதின் சாடியைச் சுற்றி அம்மா பழைய சேலைத் துண்டால் கட்டி வைத்திருக்கிறா, வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்த இருபதடிக் குளிர் வேரில் படாமல்.